ஒரு மில்லிமீட்டர் பிசகு: காரின் முகப்பு விளக்கும் மாற்றுப் பல்புகளும்

காரின் முகப்பு விளக்கிலுள்ள 55 வாட் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு, அதே துளையில் அதைவிட மும்மடங்கு ஒளி உமிழும் பல்பு ஒன்றைப் பொருத்தினால், ஓட்டுநரின் பார்வையும் அந்த அளவுக்கு நீளும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடப்பது பெரும்பாலும் வேறு. பம்பருக்கு முன்னால் சாலை பட்டப்பகல்போல் ஒளிர்கிறது. ஆனால் சாலையோரம் நடந்து செல்பவர் முன்பு தெரிந்த அதே தொலைவில்தான், சிலவேளை அதைவிட அருகில் வந்த பிறகுதான், கண்ணில் படுகிறார். எதிரே வருபவர்களோ, டிம்மில் வரும் வண்டியைப் பிரைட்டில் வருவதாக எண்ணித் தங்கள் விளக்கை விட்டுவிட்டு எரியச்செய்து எச்சரிக்கிறார்கள். ஒளி கூடியும் பார்வை ஏன் நீளவில்லை, டிம்மில் இருந்தும் எதிராளிக்கு ஏன் கண் கூசுகிறது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை பல்பைச் சூழ்ந்திருக்கும் கிண்ணத்தின் வடிவத்திலும், அக்கிண்ணத்துக்குள் ஒளி பிறக்கும் இடத்திலும் அடங்கியிருக்கிறது.

முதலில் அளவுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பல்பின் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் லூமென் என்பது, ஒளிமூலம் எல்லாத் திசைகளிலும் சேர்த்து உமிழும் மொத்த ஒளியின் அளவு. இதை ஒளிப்பாயம் என்பர். அந்த ஒளியில் ஒரு குறிப்பிட்ட திசையில் எவ்வளவு செறிந்து செல்கிறது என்பதைச் சொல்வது ஒளிச்செறிவு, அதன் அலகு கேண்டெலா. சென்ற ஒளி ஒரு பரப்பின்மீது விழும்போது அப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கிடைக்கும் பங்கு ஒளியூட்டம், அதன் அலகு லக்ஸ். கடையில் விற்கப்படுவது லூமென். ஓட்டுநருக்கு உதவுவதோ சாலையோரத்து மனிதர்மீது விழும் லக்ஸ். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது பல்பு அன்று, விளக்கின் கிண்ணம். மேலும், தொலைவு இருமடங்கானால் ஒளியூட்டம் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், ஒளியை மும்மடங்காக்கி, அது முழுவதும் பிசகாமல் அதே திசையில் சென்றாலும்கூட, அதே ஒளியூட்டம் எட்டும் தொலைவு ஏறத்தாழ 1.7 மடங்காகவே கூடும்.

டிம்மில் அந்தக் கூடுதலும் கிடைப்பதில்லை. டிம் என்று வழங்கும் தாழ்கற்றையின் மேல்விளிம்பு, திரையில் விழச்செய்து பார்த்தால், கத்தியால் அறுத்ததுபோல் தெரியும். அதற்குக் கீழே வெளிச்சம், மேலே ஏறக்குறைய இருட்டு. வெட்டுக்கோடு எனலாம். இக்கோடு கிடைமட்டத்திலிருந்து நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், அதாவது ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் 10 சென்டிமீட்டர் இறங்கும்படி, சாய்த்து வைக்கப்படுவது வழக்கம். விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் வெட்டுக்கோடு 65 மீட்டர் தொலைவில் சாலையைத் தொட்டுவிடும். அதற்கப்பால் சாலையின் நடுவே டிம்மின் நேர் ஒளி செல்லாது, பல்பு எவ்வளவு பிரகாசமானதாயினும் செல்லாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகுமெனவும், உலர்ந்த சாலையில் பிரேக் நன்றாகப் பிடிக்குமெனவும் கொண்டு கணக்கிட்டால், கார் நிற்பதற்குள் நூறு மீட்டருக்குச் சற்றே குறைவான தூரம் ஓடியிருக்கும். ஆகவே டிம்மில் அந்த வேகத்தில் செல்பவர், எந்தப் பல்பைப் பொருத்தியிருந்தாலும், தாம் காணாத இடத்தை நோக்கித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இந்தக் குறையைத் தீர்க்கப் பிரைட்டும், குறைந்த வேகமும் உண்டே தவிரப் புதிய பல்பு இல்லை.

வெட்டுக்கோட்டை உண்டாக்கும் முறை வியப்புக்குரிய எளிமை வாய்ந்தது. மின்சாரம் தடைப்பட்ட இரவில் கொட்டாங்குச்சிக்குள் மெழுகுவர்த்தியை நிறுத்திக் கையில் பிடித்துச் சென்றவர்களுக்கு அதன் இரட்டைப் பயன் தெரியும்: சிரட்டையின் உட்புறம் சுடரின் ஒளியை முன்னோக்கித் திருப்புகிறது, அதன் விளிம்பு பிடித்திருப்பவரின் கண்ணைச் சுடரிலிருந்து மறைக்கிறது, சுடர் விளிம்பைத் தாண்டி உயர்ந்தால் இரண்டு பயனும் ஒருசேரக் கெடுகின்றன. முகப்பு விளக்கின் எதிரொளிப்பான் பரவளைய வடிவிலான சிரட்டை. அதன் குவியம் என்னும் ஒரே ஒரு புள்ளியில் ஒளி பிறந்தால், அது எந்த இடத்தில் பட்டுத் திரும்பினாலும் இணைக்கதிர்களாக நேர் முன்னே செல்லும். இந்தியச் சாலைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் எச்4 வகை ஹாலஜன் பல்பில் டங்ஸ்டன் இழைகள் இரண்டு உள்ளன. 60 வாட் இழை குவியத்தருகே அமைந்து பிரைட்டைத் தருகிறது. 55 வாட் இழை குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பிக் கிண்ணத்தின் மேற்பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்பும், கீழ்ப்பாதியில் பட்டது மேல்நோக்கித் திரும்பும். மேல்நோக்கிச் செல்லும் அந்த ஒளியே எதிராளியின் கண்ணைக் குத்துவது என்பதால், இழைக்கு அடியில் நகத்தளவிலான உலோகத் தொட்டி ஒன்றை வைத்துக் கீழ்ப்பாதிக்கு ஒளியே போகாமல் தடுத்துவிடுகிறார்கள். தொட்டியின் ஒரு பக்க விளிம்பைச் சாய்வாக வெட்டியிருப்பதால் வெட்டுக்கோடு நம் நாட்டில் இடப்புறமாக மேலேறி, சாலையோரத்தில் நடப்பவர்மீது மட்டும் சற்றுத் தொலைவுக்கு ஒளி வீசுகிறது.

இந்த இருளும் வெளிச்சமும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை ஐக்கிய நாடுகள் அவையின் வாகன விதிகள் காட்டுகின்றன. இந்தியத் தரங்களும் பெரிதும் அவற்றைத் தழுவியவை. விளக்குக்கு 25 மீட்டர் முன்னால் திரை வைத்து அளக்கும் சோதனையில், 75 மீட்டர் தொலைவிலுள்ள சாலையோரத்தைக் குறிக்கும் புள்ளியில் குறைந்தது 12 லக்ஸ் விழவேண்டும். 50 மீட்டர் தொலைவில் எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணைக் குறிக்கும் புள்ளியில் 0.4 லக்ஸுக்கு மேல் விழக்கூடாது. திரையில் இவ்விரு புள்ளிகளுக்கும் இடையே உயரத்தில் அரை மீட்டரும் பக்கவாட்டில் இரண்டு மீட்டரும்தான் இடைவெளி; ஒளியில் முப்பது மடங்கு வேறுபாடு. அந்த 0.4 லக்ஸ் இருட்டும் வடிவமைத்து உண்டாக்கப்பட்ட ஒன்று.

மாற்றுப் பல்பு இந்த ஏற்பாட்டுக்குள் நுழையும்போது என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு கடினமன்று. குவியம் கிண்ணத்தின் அடியிலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். ஒளிமூலம் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ விலகினால், அடிப்பகுதியில் பட்டுத் திரும்பும் கதிர்கள் 25-க்கு 1 என்ற சரிவில் விலகும். 25 மீட்டர் தொலைவிலுள்ள திரையில் அது ஒரு மீட்டர் விலகல். அதே திரையில் வெட்டுக்கோடு விளக்கின் உயரத்துக்குக் கீழே வெறும் 25 சென்டிமீட்டரில் நிற்கிறது என்பதை நினைவுகொண்டால், அந்த ஒரு மில்லிமீட்டர் பிசகு டிம்மைப் பிரைட்டாக்கப் போதுமானது என்பது விளங்கும். கிண்ணத்தின் விளிம்புப் பகுதிகளில் விலகல் இதைவிடக் குறைவு என்றாலும் முடிவு மாறுவதில்லை. ஹாலஜன் பல்பின் இழை அடித்தட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில், எந்தக் கோணத்தில் அமையவேண்டும் என்று மில்லிமீட்டரின் பின்னங்களில் விதிக்கப்பட்டிருப்பதும், மலிவான ஹாலஜன் பல்புகள் அதே வாட்டில் எரிந்தும் கண்ணைக் கூசவைப்பதும் இதனால்தான்.

எச்.ஐ.டி. என்றும் சினான் என்றும் வழங்கும் உயர்செறிவு விளக்கில் இழையே கிடையாது. சிறு குவார்ட்ஸ் குமிழுக்குள் சினான் வாயுவும் உலோக உப்புகளும் அடைக்கப்பட்டு, இரு மின்முனைகளுக்கு இடையே ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் நீளத்துக்கு மின்வில் ஒன்று எரிகிறது. அதைப் பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட ஒரு கணநேர அதிர்ச்சி தேவைப்படுவதால், பேலஸ்ட் என்னும் மின்சுற்றுப் பெட்டி உடன்வருகிறது; பழகாத கைகள் அதைத் திறப்பது உயிருக்கு ஆபத்து. எச்4 பல்பின் டிம் இழை ஏறத்தாழ 1000 லூமென் தருகையில், தொழிற்சாலையிலேயே சினான் விளக்குக்காக உருவாக்கப்படும் டி2எஸ் பல்பு 35 வாட்டில் 3200 லூமென் தருகிறது. 1991-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 7 வரிசைக் கார்களில் சினான் விளக்கு முதன்முதலாக வந்தபோது, அதற்கென்றே தனி விளக்கு வடிவமைக்கப்பட்டது. ஐரோப்பிய விதிகள் 2000 லூமெனுக்கு மேற்பட்ட ஒளிமூலத்தை டிம்மில் பயன்படுத்தும் கார்களுக்கு, பின்னிருக்கையில் பாரம் ஏறினாலும் வெட்டுக்கோடு தானே தாழ்ந்துகொள்ளும் கருவியையும், விளக்கின் கண்ணாடியைக் கழுவும் ஏற்பாட்டையும் கட்டாயமாக்கின. ஹாலஜன் துளைக்கென்று பெட்டியில் விற்கப்படும் எச்.ஐ.டி. கிட் இவை எதையும் கொண்டுவருவதில்லை. அதன் மின்வில், இழையின் உருளை வடிவத்தை ஒத்திராமல் மேல்நோக்கி வளைந்து, முனைகளருகே மிகுந்து ஒளிர்கிறது. எச்4 கிட்டுகள் பலவற்றில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் மாற அந்தக் குமிழையே மின்காந்தம் முன்னும் பின்னும் இழுக்கிறது. மில்லிமீட்டரின் பின்னங்கள் முக்கியமான இடத்தில் இந்த ஆட்டத்தை எதிர்பார்த்து எந்தக் கிண்ணமும் வார்க்கப்படவில்லை.

எல்.இ.டி. மாற்றுப் பல்புகளின் நிலை இவ்வளவு மோசமன்று, ஆனால் சிக்கல் அதே சிக்கல். இழை சுற்றிலும் ஒளி வீசும், எல்.இ.டி. சில்லு தன் முகம் நோக்கும் பக்கத்தில் மட்டுமே வீசும். ஆகவே மெல்லிய தகடு ஒன்றின் இருபுறமும் சில்லுகளை ஒட்டி இழையைப் போலி செய்கிறார்கள். தகடு தடித்தால் இரு ஒளிப்பரப்புகளும் குவியத்தின் இருபுறமாகப் பிரிந்து விலகிவிடும்; மெலிந்தால் வெப்பம் வெளியேற வழி குறையும். ஹாலஜன் பல்பு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிர்களாக ஒளியோடு சேர்த்து முன்னே வீசிவிடுகிறது. எல்.இ.டி. அப்படிச் செய்வதில்லை, ஒளியாக மாறாத ஆற்றல் சில்லுக்குள்ளேயே வெப்பமாகத் தேங்க, அதைப் பின்புறமாகக் கடத்தி விசிறியாலோ உலோக இதழ்களாலோ ஆற்றவேண்டும். சில்லு சூடேறச் சூடேற ஒளியும் குறையும். கடையில் எரியவைத்துக் காட்டும் முதல் நிமிட வெளிச்சமும், சித்திரை மாதத்து இரவில் சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் எரிந்தபின் உள்ள வெளிச்சமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. விசிறிக்கு இடமில்லாததால் விளக்கின் பின்மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களும் உண்டு. அடுத்த மழையில் கிண்ணத்தின் அலுமினியப் பூச்சுக்குள் ஈரமும் தூசியும் புகுந்து, இருந்த எதிரொளிப்பும் போய்விடும்.

கிண்ணத்துக்கு முன்னால் குவிலென்ஸ் வைத்த புரொஜெக்டர் வகை விளக்குகளில் வெட்டுக்கோட்டை உண்டாக்குவது உள்ளே நிற்கும் தனித் தடுப்புத் தகடு. எனவே பல்பை மாற்றினாலும் கோடு அழிவதில்லை. கோட்டுக்கு அடியில் ஒளி எங்கே குவிகிறது என்பது மட்டும் மாறி, தொலைவுக்குச் செல்லவேண்டியது பம்பருக்கு முன்னே கொட்டிவிடும்.

எதிரே வருபவருக்கு நேர்வதை வெறும் எரிச்சல் என்று ஒதுக்க முடியாது. கூச்சத்தில் உறுத்தும் கூச்சம், மறைக்கும் கூச்சம் என்று இரண்டு உண்டு. இரண்டாவதன் இயல்பை 1920-களில் அமெரிக்கரான ஹாலடேயும் பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டைல்ஸும் ஆய்வுக்கூடத்தில் அளந்தனர். மங்கிய இலக்கு ஒன்றைப் பார்க்கும் ஒருவரின் பார்வைக்குப் பக்கவாட்டில் ஒளிரும் விளக்கொன்றை வைத்தால் இலக்கு மறைகிறது. விளக்கை எடுத்துவிட்டு, இலக்கின்மீது சீரான மெல்லிய ஒளித்திரையைப் படரவிட்டு, எவ்வளவு திரை படர்ந்தால் இலக்கு அதே அளவுக்கு மறைகிறது என்று ஒப்பிட்டு, கூச்சத்தை ஓர் எண்ணாக மாற்றினர். கண்ணின் படலங்களுக்குள் ஒளி சிதறி விழித்திரை முழுவதும் படர்வதே இத்திரைக்குக் காரணம். கண்ணை அடையும் ஒளியூட்டத்துக்கு நேர்விகிதத்தில் திரை அடர்கிறது. விளக்குக்கும் பார்வைக்கோட்டுக்கும் இடையிலுள்ள கோணம் பாதியானால் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. இருவழிச் சாலையில் இக்கோணம் சில பாகைகளே என்பதையும், முதுமையிலும் கண்புரையிலும் சிதறல் கூடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எதிரே பைக்கில் வரும் முதியவர் சில நொடிகள் ஏறக்குறையக் குருடராகவே வருகிறார் என்று கொள்ளலாம்.

ஓட்டுநரின் கண்ணும் தப்புவதில்லை. பம்பருக்கு முன்னே பத்து மீட்டரில் சாலை மிகுந்து ஒளிர்ந்தால் கண் அந்தப் பிரகாசத்துக்குத் தன்னைத் தகவமைத்துக்கொள்ள, தொலைவிலுள்ள மங்கலான உருவம் இன்னும் மங்குகிறது. ஆனால் ஓட்டுநருக்கோ நன்றாகத் தெரிகிறது என்ற நிறைவு உண்டாகிறது. மாற்றுப் பல்புகளுக்குக் கிடைக்கும் புகழ்ச்சியில் பெரும்பங்கு இந்த நிறைவால் வருவது. நீலம் கலந்த வெண்ணிற ஒளிக்கும் இப்புகழ்ச்சி உண்டு, அடிப்படை குறைவு: அதே லக்ஸில் நீலம் மிகுந்த ஒளி எதிராளியைக் கூடுதலாக உறுத்துகிறது, நீலப்பூச்சுப் பூசிய ஹாலஜன் பல்போ பூச்சால் ஒளியை இழந்துதான் நீலமாகிறது. மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைத்துச் செல்லும் என்ற எதிர்த்தரப்பு நம்பிக்கைக்கும் இயற்பியலில் இடமில்லை, ஏனெனில் பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிப்பவை.

பல்பின் வகை பார்வையை முடிவு செய்வதில்லை என்பதற்குச் சாலையிலேயே நடத்திய சோதனையின் சான்றும் உள்ளது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2016-இல் கார்களின் விளக்குகளைத் தரப்படுத்தத் தொடங்கியது. இருண்ட சோதனைத் தடத்தில் நேர்ச்சாலையிலும் வளைவுகளிலும் காரை ஓட்டி, 5 லக்ஸ் ஒளி எவ்வளவு தொலைவு எட்டுகிறது என்பதையும், எதிர்த்திசையில் எவ்வளவு கூச்சம் செல்கிறது என்பதையும் கருவிகளால் அளந்தனர். முதல் சுற்றில் 31 நடுத்தரக் கார்களில் ஒரே ஒரு காருக்குத்தான் 'நன்று' என்ற தரம் கிடைத்தது. அதுவும் எல்.இ.டி. விளக்கு பொருத்திய வகைக்கே. அதே காரின் ஹாலஜன் வகை கடைசித் தரத்தில் விழுந்தது. இதைக் கண்டு எல்.இ.டி.யே வென்றது என்று முடிவு கட்டுவதும் பிழை, ஏனெனில் எச்.ஐ.டி.யும் எல்.இ.டி.யும் கொண்ட வேறு பல கார்கள் அதே சோதனையில் கீழ்த்தரமே பெற்றன.

சட்டங்கள் இதே தர்க்கத்தைப் பின்பற்றுகின்றன. இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறமாக, ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசாதவாறு கற்றை நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்கவேண்டும் என்கிறது. வெட்டுக்கோட்டைச் சட்டமொழியில் எழுதினால் இப்படித்தான் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுப்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வலியுறுத்தியிருக்கிறது. தமிழகத்தில் காவல்துறையினர் முகப்பு விளக்கின் நடுவே ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கர் நல்ல எண்ணத்தில் எழுந்ததாயினும், கிண்ணத்தின் ஒவ்வொரு பகுதியும் சாலையில் வெவ்வேறு இடத்துக்கு ஒளி அனுப்புவதால், கூசும் ஒளியை மட்டும் பொறுக்கி மறைக்க அதனால் இயலாது. பயன்படும் ஒளியும் சேர்ந்தே மறைகிறது. ஜெர்மனி 2020-இல் கண்ட வழி கூர்மையானது. ஆஸ்ராம் நிறுவனத்தின் எல்.இ.டி. மாற்றுப் பல்புக்கு அந்நாடு அனுமதி தந்தபோது, பல்பைத் தனியே ஏற்கவில்லை. எந்தெந்தக் கார் மாடலின் எந்தெந்த விளக்கோடு அது சோதிக்கப்பட்டதோ அந்த இணைகளுக்கு மட்டும் பட்டியலிட்டு அனுமதித்தது.

ஆகவே வெளிச்சத்தைப் பாதுகாப்பாகக் கூட்ட விரும்புபவர் பல்பிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. சில ஆண்டு வெயிலில் நின்ற காரின் பாலிகார்பனேட் முகக்கண்ணாடி மஞ்சளடித்துப் புகைபடிந்திருக்கும்; அதைத் தேய்த்து மெருகேற்றிப் புறஊதாக் காப்புப் பூச்சுப் பூசினால் கூடும் ஒளியும் குறையும் கூச்சமும் எந்தக் கிட்டும் தராதவை. அடுத்தது மின்னழுத்தம். ஹாலஜன் இழையின் ஒளி மின்னழுத்தத்தின் மூன்றாம் படியைவிடவும் வேகமாக மாறுவது. பழைய வயரிங்கிலும் துருப்பிடித்த எர்த் இணைப்பிலும் பத்து விழுக்காடு அழுத்தம் தொலைந்தால் ஒளியில் முப்பது விழுக்காடு தொலையும். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரும் ரிலேயும் வைத்து நேராக மின்சாரம் கொடுத்தால், இழந்த அந்தப் பங்கு அதே 55 வாட் பல்பிலிருந்து திரும்பக் கிடைக்கும். மாறாக, பழைய வயரிங்கில் 100/90 வாட் பல்பைப் போட்டால் டிம்மில் ஒயரில் உண்டாகும் வெப்பம் இரண்டரை மடங்கைத் தாண்டும், பல்பு ஹோல்டர் உருகும். நல்ல நிறுவனங்களின் மேம்பட்ட ஹாலஜன் பல்புகள் வாட்டைக் கூட்டாமல் இழையை இறுக்கிச் சுற்றி அதிக வெப்பநிலையில் எரியவிட்டு ஒளியை மிகுவிக்கின்றன. விலையாக ஆயுளைக் குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் மேல் வேண்டுவோர், அதே கார் மாடலின் உயர்வகைக்கு நிறுவனமே பொருத்தும் எல்.இ.டி. விளக்கை, கிண்ணம், லென்ஸ், மட்டம் சரிசெய்யும் மோட்டார் எல்லாவற்றோடும் முழுத்தொகுதியாக மாற்றுவதே ஒளியியலுக்குப் பொருந்திய வழி. அதற்கு ஆகும் செலவு கிட்டின் விலையைப் போல் பல மடங்கு என்பதும், ஆவணங்களில் அம்மாற்றம் ஏற்கப்படுமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் உண்மை.

எதை மாற்றினாலும், வெறும் பல்பையே மாற்றினாலும், வெட்டுக்கோட்டைச் சுவரில் சரிபார்த்தாக வேண்டும். டயர்களில் உரிய காற்றோடு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்க, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி, டாஷ்போர்டில் உள்ள மட்டத் திருகியைச் சுழியத்தில் வைத்து, விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் கோடாக இழுத்து, டிம்மைப் போட்டால் வெட்டுக்கோடு அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே கிடையாக நின்று, இடப்புறம் மட்டும் மேலேறவேண்டும். விளக்கின் மேலேயே வேறு சரிவு அச்சிடப்பட்டிருந்தால் அந்த எண்ணே செல்லும். கோடு உயர்ந்திருந்தால் விளக்கின் பின்னாலுள்ள திருகாணியைத் திருப்பி இறக்கலாம். திருகாணியை எப்படித் திருப்பினாலும் தெளிவான கோடே விழாமல் ஒளி மேலும் கீழும் கலங்கலாகப் பரவினால், அந்தப் பல்பு அந்தக் கிண்ணத்துக்கு உரியதன்று.